காலனிக்கு எத்தனை மீட்டர்?



இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய குடும்பத்தார் என்னைப் பேச அழைத்தபோது தயங்கினேன். நான் பேராசிரியர் அல்லன். ஊராட்சி ஒன்றியங்களில் ஓவர்சியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அரசு வீடுகளுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுப்பதும், பேஸ்மட்டம் எழும்பியதும் அளந்து முதல் பில் எழுதுவதும், லிண்டலுக்கு ஒன்று, தளம் போட்டதும் ஒன்று என்று அடுத்தடுத்த பில்களை மேலே அனுப்புவதும்தான் நான் செய்த வேலை. "நீங்கள் அளந்ததைப் பற்றியே பேசுங்கள்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக வந்திருக்கிறேன்.

எங்களிடம் அளவுப் புத்தகம் ஒன்று இருக்கும். எம் புக் என்போம். ஒவ்வொரு வீட்டுக்கும் முதலில் நான்கு வரி எழுத வேண்டும்: திட்டம், பயனாளி, ஊராட்சி, குக்கிராமம். அந்த நான்காவது வரியில் நான் எழுதியவற்றில் மிகப் பல, ஊரின் பெயரை எழுதிப் பக்கத்தில் 'காலனி' என்று சேர்த்தவை. என் கையெழுத்தில் எத்தனை ஆயிரம் முறை அந்தச் சொல் இருக்கும் என்று கணக்கில்லை. அந்தச் சொல்லையும், அது சுட்டும் வீடுகளையும், அந்த வீடுகளுக்கும் ஊருக்கும் நடுவே கிடக்கும் நிலத்தையும் பற்றியே இன்று பேச்சு.

நம் நல்லம்பள்ளிப் பகுதியின் ஊர்ப்பெயர்களுக்குத் தனி அழகு உண்டு. மானியதஅள்ளி, பாகலஅள்ளி என்று அள்ளியில் முடிகிற பெயர்களில் கன்னடத்து 'ஹள்ளி' தமிழோடு கலந்து குடியிருக்கிறது. இன்னொன்று கொட்டாய். ஒரு குடும்பம் தன் நிலத்திலேயே வீடு கட்டி, கிணறு வெட்டி, தொழுவம் போட்டு, நாளடைவில் அண்ணன் தம்பி வீடுகளும் சேர்ந்து ஒரு கொட்டாய் ஆகிறது. அதற்கு அந்தக் குடும்பத்துப் பெரியவர் பெயரோ குலத்தின் பெயரோ நிலைத்துவிடுகிறது. நான்கே வீடு இருந்தாலும் கொட்டாய்க்குப் பெயர் உண்டு. நூறு வீடு இருந்தாலும் காலனிக்குச் சொந்தப் பெயர் கிடையாது. ஊரின் பெயரை இரவல் வாங்கி அதன் வாலில் தொங்க வேண்டும்.

இதே சொல் பெங்களூரில் என்ன பொருள் தருகிறது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். நல்லம்பள்ளியிலிருந்தும் தொப்பூரிலிருந்தும் கட்டட வேலைக்குப் போகிற பிள்ளைகள் அங்கே பேங்க் காலனி, ஆபீசர்ஸ் காலனி என்று பலகை மாட்டிய தெருக்களில் சென்ட்ரிங் அடிக்கிறார்கள். சென்னையில் சி.ஐ.டி. காலனி என்றால் பெரிய மனிதர்கள் வாழும் இடம். ரயில்வே காலனியில் குடியிருந்தோம் என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. முன்னால் ஓர் உத்தியோகத்தின் பெயர் வந்தால் அந்தச் சொல்லுக்கு மரியாதை. கிராமத்தில் முன்னால் எதுவும் வேண்டாம். வெறும் 'காலனி' என்றாலே சாதி சொல்லியாகிவிட்டது. இலத்தீனில் உழவனைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது இது. ஜெர்மனியின் கொலோன் நகரம் தன் பெயரையே இதிலிருந்துதான் பெற்றது. சொல்லின் பிறப்பில் குற்றமில்லை.

சேரிக்கும் இதுவே நேர்ந்தது. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, பிராமணர்கள் வாழ்ந்த ஊரின் பிரிவுகளைச் சேரி என்றே சொல்கிறது. அங்கே பன்னிரண்டு சேரிகள் இருந்தன. குடவோலையில் பெயர் எடுத்து வாரியம் அமைத்தவர்கள் சேரிக்காரர்கள். நூறாண்டுகூடக் கழியவில்லை, முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று வருகிறது. அந்தப் பட்டியலில் ஊர்நத்தம் ஒன்றாகவும் சேரி வேறாகவும் நிற்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஊர் என்று எண்ணும்போது சேரியைச் சேர்க்காமல் எண்ணியிருக்கிறார்கள். பிற்காலத்தில் முன்னொட்டு உதிர்ந்து 'சேரி' மட்டும் வசையாக நின்றது. புதுச்சேரியும் வேளச்சேரியும் தப்பித்துக்கொண்டன.

இருபதாம் நூற்றாண்டில் சேரி என்று சொல்ல நாக்கூசி அரிசன காலனி என்றோம். பிறகு ஆதிதிராவிடர் காலனி. பிறகு பல இடங்களில் அம்பேத்கர் நகர். ஒவ்வொரு முறையும் நல்ல எண்ணத்தோடுதான் மாற்றினோம். ஆனால் இன்று பேருந்தில் ஒருவர் "அம்பேத்கர் நகர் ஒரு டிக்கெட்" என்று கேட்டால், பக்கத்து இருக்கைக்காரர் தெரிந்துகொள்ள நினைப்பதைத் தெரிந்துகொண்டுவிடுகிறார். நாட்டுக்கே அரசமைப்புச் சட்டம் வரைந்து தந்தவரின் பெயரையும் நாம் ஒரு சாதிச் சான்றிதழாகச் சுருக்கிவிட்டோம். எனக்கு இது மிகவும் வலிக்கிறது.

நான் வேலை பார்த்த ஒன்றியத்தில் ஒரு பெண் பிள்ளை. கல்லூரியில் முதலாமாண்டு. அந்தப் பெண்ணின் வீட்டுக்கு எதிரே நின்று நான் தளத்தை அளந்துகொண்டிருந்தேன். பேருந்து வந்து நின்றது, அவள் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஊர்ப்பக்கமிருந்து நடந்து வந்தாள். அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "தினமும் அப்பிடித்தான் சார். ஊரு ஸ்டாப்புல எறங்கி நடந்து வரும். கூடப் படிக்கிற புள்ளைங்க பாக்குமாம்." அந்த அம்மா சிரித்ததுதான் இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

வீடு கிடைத்த கதைக்கு வருவோம். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனையே மிராசுதாரருடையது, எதிர்த்துப் பேசினால் வீட்டைவிட்டே துரத்தலாம், அதனால்தான் சேரி மக்களால் வாய்திறக்க முடிவதில்லை என்று அவர் விளக்கினார். நிலமும் மனையும் சொந்தமாக வேண்டும் என்றார். அதையொட்டி 1892-இல் வந்த அரசாணையிலிருந்துதான் அவர்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் பிறந்தது. விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனை அவருக்கே உரியது என்று சட்டம் சொல்ல 1971 வரை ஆயிற்று. அதுதான் குடியிருப்பு உரிமைச் சட்டம். 1974-இல் ஆதிதிராவிடர் வீட்டு வசதிக்கான தாட்கோ தொடங்கியது. 1978-இல் மனைக்கு நிலம் எடுக்கத் தனிச் சட்டமே வந்தது. அதன் பெயரிலும் 'அரிசன நலம்' என்றுதான் இருந்தது. 1985-இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம், 2011-இன் பசுமை வீடு, 2016-இன் பிரதமர் வீட்டு வசதித் திட்டம், 2024-இன் கலைஞர் கனவு இல்லம் என்று தொடர்ந்து வந்தன. பசுமை வீடு 300 சதுர அடி, கனவு இல்லம் 360 சதுர அடி. ஓலையைப் பிரித்துவிட்டுக் காங்கிரீட்டுக்கு அடியில் படுத்த முதல் மழைநாள் எப்படி இருந்தது என்று அனுபவித்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். இந்தத் திட்டங்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். என் வாழ்நாளில் நான் செய்த உருப்படியான வேலை அந்த வீடுகள்தான்.

ஆனால் நிலம் எங்கே எடுத்தார்கள்? மலிவாகக் கிடைத்த இடத்தில். ஏரிக்கரைச் சரிவில், கரட்டு ஓரத்தில், சுடுகாட்டுப் பாதையில், மழை பெய்தால் நீர் தேங்கும் பள்ளத்தில். ஊருக்கு நடுவில் மனை விற்க யாரும் முன்வரவில்லை, அரசும் கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் நிலத்தைக் கொடுத்தது. தூரத்தையும் அதோடு சேர்த்துப் பட்டா போட்டுக் கொடுத்தது.

பிறகு நாங்கள் வந்தோம், வசதி செய்து கொடுக்க. காலனிக்குத் தண்ணீர் சரியாக வருவதில்லை என்று மனு வந்தால் தனி மேல்நிலைத் தொட்டி. ரேஷன் கடை தூரம் என்றால் பகுதிநேரக் கடை. அங்கன்வாடிக்குத் தனிக் கட்டடம். சுடுகாட்டுக்குத் தனிப் பாதை, அதற்கு ஒரு தார்ச்சாலை மதிப்பீடு. ஒவ்வொன்றும் நியாயமான கோரிக்கை, ஒவ்வொன்றையும் நானே அளந்து பில் எழுதியிருக்கிறேன். பல ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஊராரும் காலனியாரும் எதிர்ப்பட வாய்ப்பிருந்த இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாக அடைத்துவிட்டிருந்தோம். கிணற்றடி போயிற்று, குழாயடி போயிற்று, ரேஷன் வரிசையும் போயிற்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பிறந்து வளர்ந்து சாகலாம். கெட்டவர்கள் சதி செய்து இதைச் செய்யவில்லை. நல்ல மனசோடு வேலை பார்த்த எங்களைப் போன்றவர்கள் மதிப்பீடு மதிப்பீடாகச் செய்து முடித்தோம்.

தனித் தொட்டி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் பார்த்தோம். ஒரு பிரிவு மக்கள் மட்டும் குடிக்கிற தொட்டி என்று எல்லோருக்கும் தெரிந்த தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. ஊர் முழுக்க ஒரே தொட்டித் தண்ணீரைக் குடித்திருந்தால், அந்த ஏணியில் ஏற ஒரு கால் துணிந்திருக்குமா?

சுவரில் எழுதுவதையும் சொல்ல வேண்டும். திட்டத்தின் பெயர், சின்னம், பயனாளி பெயர், ஆண்டு. வாசற்பக்கச் சுவரில் பலகையாகவோ பெயிண்டாகவோ இருக்க வேண்டும் என்பது விதி. அதைப் படம் எடுத்து ஏற்றினால்தான் கணக்கு முடியும். கேரளத்தில் 'லைஃப்' திட்டத்தில் வீடு கட்டியபோது மத்திய அரசின் சின்னத்தை வீட்டில் பொறிக்க அந்த மாநிலம் மறுத்தது. குடியிருப்பவரின் தன்மானத்துக்கு அது இழுக்கு என்று காரணம் சொன்னது. அந்தத் துறையில் இருந்தவன் என்ற முறையில் கணக்குத் தணிக்கையின் தேவை எனக்குப் புரியும். ஆனாலும் கேரளம் சொன்னதே சரி. வங்கியில் கடன் வாங்கி மாடி கட்டியவரின் சுவரில் வங்கியின் பெயரை யாரும் எழுதுவதில்லை. வருமான வரிச் சலுகையில் கட்டிய வீட்டிலும் எழுதுவதில்லை. ஏழை வாங்கிய உதவியை மட்டும் சுவரில் எழுதிப் பேரன் காலம் வரைக்கும் படிக்க வைக்கிறோம்.

நம் மாவட்டத்தில் இதைப் பேசுகிறவன் நத்தம் காலனியைத் தாண்டிப் போக முடியாது. 2012 நவம்பர் 7 மாலை. நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. ஒரு சாதி மறுப்புத் திருமணமும், அதைத் தொடர்ந்து நிகழ்ந்த பெண்ணின் தந்தையின் மரணமும் காரணமாகச் சொல்லப்பட்டன. அங்கே எரிந்தவை என்னென்ன என்று பாருங்கள். பெங்களூரிலும் பிற ஊர்களிலும் உழைத்துச் சேர்த்த காசில் வாங்கிய பீரோ, இருசக்கர வண்டி, தொலைக்காட்சிப் பெட்டி, பிள்ளைகளின் சான்றிதழ்கள். குடிசையாகவே இருந்திருந்தால் அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காதோ என்று நினைக்கத் தோன்றுகிறது. அரசு கொடுத்த ஓரறையை ஊர் பொறுத்துக்கொண்டது. அந்த ஓரறைக்கு மேல் சொந்தக் காசில் ஒரு மாடி ஏறியதைப் பொறுக்க முடியவில்லை.

இதைக் கேட்ட பிறகு, "ஏன் சேர்ந்து வாழச் சொல்கிறாய்? தனியாக இருப்பதுதான் எங்களுக்குப் பாதுகாப்பு" என்று ஒருவர் கேட்டால் அவருக்கு என்ன பதில் சொல்வது? கேட்டிருக்கிறார்கள், என்னிடமே. அம்பேத்கரும் இந்தக் கேள்வியைக் கேட்டவர்தான். 1942 ஜூலையில் நாகபுரியில் கூடிய ஒடுக்கப்பட்டோர் மாநாடு தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கிராமத்தைக் கோயிலாகப் புகழ்ந்தவர்களுக்கு 1948 நவம்பரில் அரசமைப்பு அவையில் அவர் கொடுத்த பதில் கடுமையானது. ஆனால் அவர் கேட்ட தனிக் கிராமத்தில் சாகுபடி நிலம் இருந்தது. யாரிடமும் கூலிக்குக் கைகட்டி நிற்காத வாழ்வு இருந்தது. நமக்கு வாய்த்ததோ வேறு. மனை காலனியில், கூலி வேலை ஊரில். தனியாக இருப்பதன் பாதுகாப்பும் இல்லை, சேர்ந்திருப்பதன் பங்கும் இல்லை. ஆகவே, சேர வேண்டும் என்று சொல்கிற கடமை காலனிக்காரருக்குக் கிடையாது. அவர் அறுபது ஆண்டாக ஊருக்குள் நடந்து வந்துகொண்டுதான் இருக்கிறார், வேலைக்கு. நடக்க வேண்டியவர்கள் ஊரார்.

தமிழ்நாடு இதற்கு ஒரு விடை தேடிப் பார்த்தது. சமத்துவபுரம். முதலாவது 1998 ஆகஸ்டில் மதுரை மாவட்டம் திருமங்கலம் அருகே மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. நூறு வீடு. ஆதிதிராவிடர் 40, பிற்படுத்தப்பட்டோர் 25, மிகப் பிற்படுத்தப்பட்டோர் 25, மற்றவர் 10. வாசலில் பெரியார் சிலை, எல்லோருக்கும் ஒரே சமுதாயக் கூடம், ஒரே சுடுகாடு. 2001-க்குள் 145 அமைந்தன, 2008-க்குப் பிறகு இன்னும் ஏறக்குறைய நூறு. உலகத்தில் வேறெந்த அரசாவது சாதிக்கு எதிராகச் சுண்ணாம்புக் கோடு போட்டு வரைபடம் தயாரித்திருக்கிறதா என்று எனக்கு வியப்பு. ஓவர்சியர் கண்ணால் பார்க்கிறவனுக்கு அதில் மிகப் பெரிய விஷயம் சிலையும் வளைவும் அல்ல, குலுக்கல்தான். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதைச் சாதி தீர்மானிக்காமல் ஒரு துண்டுச் சீட்டு தீர்மானித்தது. சமத்துவபுரம் என்று முகவரி எழுதினால் சாதி தெரியாது. அந்த அளவில் அது வென்றது.

எங்கே சறுக்கியது? சமத்துவபுரத்தையும் ஊருக்கு வெளியேதான் கட்டினோம். புறம்போக்கு கிடைத்த இடத்தில், நெடுஞ்சாலை ஓரத்தில். பழைய ஊர் பழைய ஊராகவே இருந்தது, பழைய காலனி பழைய காலனியாகவே இருந்தது. மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது, அவ்வளவுதான். ஆட்சி மாறியதும் பராமரிப்பு நின்றது. கூரை பெயர்ந்தது, வசதி வந்தவர்கள் வாடகைக்கு விட்டுப் போனார்கள். இருந்தும், அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். பக்கத்து வீட்டு அடுப்படி வரைக்கும் போய் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அது சின்ன விஷயம் அல்ல.

நகரத்துக்குப் போனாலும் இதே வியாதிதான், உருவம் வேறு. சென்னையின் கூவம், அடையாறு கரையோரங்களிலிருந்து குடிசைவாசிகளைக் கொண்டுபோய்ப் பழைய மகாபலிபுரம் சாலையோரம் கண்ணகி நகரில் குடியமர்த்தினார்கள். 2000-இல் தொடங்கியது, எழில் நகரையும் சேர்த்தால் இன்று ஏறக்குறைய 24,000 வீடுகள். மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் கூப்பிடு தூரத்தில். ஆனால் முகவரியில் கண்ணகி நகர் என்றிருந்தால் வேலை கிடைக்காது என்று இளைஞர்கள் அத்தை வீட்டு முகவரியைக் கொடுத்தார்கள். இரவில் ஆட்டோ வராது. செய்தித்தாளில் அந்தப் பெயர் குற்றச் செய்தியில்தான் வரும். 2020-இல் ஓவியர்கள் வந்து அந்தச் சுவர்களில் ஆளுயரத்துக்கும் மாடியுயரத்துக்கும் முகங்களை வரைந்தார்கள். வெளியூர்க்காரர்கள் படம் எடுக்க வந்தார்கள். நல்ல முயற்சி. ஆனாலும் சுவரில் வண்ணம் பூசினால் வேலை தருபவரின் மனத்திலும் பூசியதாக ஆகிவிடுமா என்று அப்போது எனக்குச் சந்தேகம் இருந்தது.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி ஈரானை வென்று தங்கம் பெற்றது. துணைத் தலைவி கார்த்திகா, கண்ணகி நகர்க்காரர். அவர் தன்னைக் கண்ணகி நகர் கார்த்திகா என்றே அழைக்கச் சொன்னார். அரசு 25 லட்சம் ரூபாய் பரிசளித்தது. தெருவில் விளையாடி வளர்ந்த ஒரு பெண், இருபத்தைந்து ஆண்டாக மறைத்த முகவரியைத் தன் பெயருக்கு முன்னால் எடுத்து வைத்துக்கொண்டார். எனக்குக் கண்ணீர் வந்தது. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளை தங்கம் வென்று வந்தால்தான் அந்த முகவரிக்கு மரியாதை என்றால், தங்கம் வெல்லாத மற்றப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சாதாரணமாக, சுமாராகப் படித்து, சுமாரான வேலைக்குப் போகிற பிள்ளையும் தன் முகவரியைத் தயங்காமல் எழுத வேண்டும்.

அது நடக்கிற ஊர் உண்டா? நம்மவர்கள் பலர் வேலை பார்க்கும் சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அங்கத்துத் தமிழர் சொல்கிறபடி வீவக, 1960-இல் தொடங்கியது. இன்று குடியிருப்பாளர்களில் பத்துப் பேருக்கு ஏறக்குறைய எட்டுப் பேர் அரசு கட்டிய வீட்டில் இருக்கிறார்கள். ஆசிரியரும் பேருந்து ஓட்டுநரும் ஒரே மின்தூக்கியில் ஏறுகிறார்கள். எல்லோரும் வாங்குவதை வைத்து ஒருவரை இழிவாகப் பேச முடியாது. 1989-இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை கொண்டுவந்து, ஒவ்வொரு அடுக்குமாடியிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். கட்டடத்தின் கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் திறந்தே விட்டார்கள். ஒரு நாள் அங்கே மலாய்க் கல்யாணம், இன்னொரு நாள் சீனர் இறுதிச் சடங்கு. வீடு திரும்புகிறவர் அதன் வழியாகத்தான் நடந்து போக வேண்டும். அங்கேயும் வாடகைக்கு விடப்படும் ஓரறை வீடுகளைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது சொர்க்கம் அல்ல. இருந்தாலும் அந்தத் திறந்த கீழ்த்தளத்தை வரைந்த பொறியாளரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நாங்கள் எதிர்ப்படும் இடங்களை அடைத்தோம். அவர் ஒன்றைத் திறந்து வைத்தார்.

2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று அறிவித்தார். அதற்கு முன், 2021-இல் குடிசை மாற்று வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆயிற்று. அகதிகள் முகாம்கள் மறுவாழ்வு முகாம்கள் ஆயின. 2025 ஜூலையில் அரசு மாணவர் விடுதிகள் சமூகநீதி விடுதிகள் ஆயின. அக்டோபரில் தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை நீக்க அரசாணை வந்தது. என் எம் புக்குகளில் நான்காவது வரியை இனி யாரும் அப்படி எழுத வேண்டியதில்லை. முழு மனத்தோடு வரவேற்கிறேன். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஊர் ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்த அந்தப் பிள்ளையிடம் கேட்கட்டும்.

சேரியைக் காலனியாக்கி, காலனியை நகராக்கிய அனுபவம் நமக்கு இருப்பதால் ஒரு வேண்டுகோள். புதுப் பெயர் காலனிக்கு மட்டும் வந்தால் அதுவும் ஐந்தாண்டில் பழைய பொருளையே சுமக்கும். ஊருக்கும் சேர்த்து ஒரே பெயர் போதும். தெருக்களை எண்ணுங்கள், அல்லது பூப்பெயர் வையுங்கள், ஊர்க் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வரிசையாக. ஆறாம் தெரு எது, பதினோராம் தெரு எது என்று தபால்காரர் யோசிக்கட்டும். பெயரை யார் முடிவு செய்வது? அங்கே குடியிருப்பவர்கள் முதலில்.

பெயரைவிட எனக்கு முக்கியம் நடுவில் கிடக்கும் நிலம். நல்லம்பள்ளி வட்டத்தில் எத்தனையோ ஊராட்சிகளில் அடுத்து ஒரு நூலகமோ, ரேஷன் கடையோ, அங்கன்வாடியோ, பேருந்து நிழற்குடையோ கட்டுவதற்குத் தீர்மானம் போடுவீர்கள். இடம் பார்க்கும்போது ஓவர்சியர் வருவார். எங்கே போடலாம் என்று கேட்பார். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று சொல்லாதீர்கள். ஊரின் கடைசி வீட்டுக்கும் காலனியின் முதல் வீட்டுக்கும் நடுவில் காட்டுங்கள். இரண்டு நிழற்குடைகளுக்குப் பதில் ஒன்று. இரண்டு தொட்டிக்குப் பதில் பெரிதாக ஒன்று, அதிலிருந்து இரு பக்கமும் ஒரே அளவுக் குழாய், ஒரே நேரத்தில் தண்ணீர். மதிப்பீட்டில் செலவும் குறையும் என்று ஒரு பழைய ஓவர்சியர் சொல்கிறேன், நம்புங்கள். ஆரம்பத்தில் சண்டை வரும், வரிசையில் முணுமுணுப்பு வரும். வரட்டும். ஒருவரை ஒருவர் காணாமலே இருந்த அறுபது ஆண்டு நத்தத்தில் சண்டையைத் தடுத்துவிட்டதா?

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒன்றில், ஓர் ஊராட்சியில் கிராம சபையைக் காலனியில் நடத்தினார்கள். கூட்டம் நடக்கும் இடத்தைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்று விதி இருக்கிறது. பல இடங்களில் அது தாளோடு சரி. அந்தத் தலைவர் மட்டும் பிடிவாதமாக நடத்தினார். ஊரார் பதினைந்து இருபது பேர்தான் வந்தார்கள். சாமியானா போதவில்லை, வெயில். காலனி வீட்டுப் பெண்கள் தங்கள் திண்ணையில் பாய் விரித்து அவர்களை உட்காரச் சொன்னார்கள். கொஞ்சம் தயங்கி உட்கார்ந்தார்கள். மோர் வந்தது. சிலர் வாங்கினார்கள், சிலர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர், அந்த ஊரிலேயே பிறந்தவர், மோரைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். எதிரே அவர் வீட்டுப் புளியமரம் தெரிந்தது.

"ஏம்ப்பா ஓவர்சியரு, இத்தினி கிட்டத்திலயா இருக்குது இது?" என்றார்.

கூட்டம் முடிந்ததும் நாடாவை எடுத்துக்கொண்டு அவரோடு நடந்தேன். ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டார். திண்ணையிலிருந்து புளியமரம் வரைக்கும் 310 மீட்டர்.